இளங்கடற்காகத்தை இனங்காணல்: ஒரு தலையாய ஆய்வு

1. சிக்கல்

பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என இரண்டு இனங்கள். பெயரிலேயே விடை இருக்கும்போது ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒன்று: கருந்தலையின் தலை கருப்பல்ல, கரும்பழுப்பு. இரண்டு: அந்த நிறமும் இனப்பெருக்கக் காலத்தில்தான். நடுக்குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மை ஒற்றியதுபோல ஒரு கறை மட்டும். தலையால் பெயர் பெற்ற இருவரும் நம் கரைக்கு வரும்போது தலையை ஊரிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

2. முன்னோர்

1766இல் லின்னேயஸ் கருந்தலைக்குச் சூட்டிய இலத்தீன் பெயருக்குச் 'சிரிப்பது' என்று பொருள். யாரைப் பார்த்து என்று அவர் சொல்லவில்லை. 1840இல் மற்றதற்குப் 'பழுப்புத்தலை' என்று பெயரிட்டவர், சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன்.

3. அடையாளங்கள்

வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருப்பு இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு. இளசுக்கு இரண்டும் கிடையாது. முதல் குளிர்காலத்தில் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே துணியில் தைத்த சீருடையில் வருகின்றன: இறக்கையில் பழுப்புப் பட்டை, வால் நுனியில் கருப்புக் கரை. பழுப்புத்தலை சற்றுப் பெரியது, அலகு தடித்தது என்பார்கள். பக்கத்தில் மற்றது நின்றால்தானே 'சற்று' தெரியும்? கல்யாண வீட்டில் தனியாக நிற்கும் பையனைப் பார்த்து "நீ மூத்தவனா, இளையவனா?" என்று கேட்கும் பெரியப்பாவின் நிலைதான் ஆய்வாளருக்கும்.

உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. கருந்தலை இளசின் வெளியிறக்கையில் முன்விளிம்பு நெடுக வெள்ளை ஓடும். பழுப்புத்தலை இளசுக்கு நுனிப்பகுதி அகலமாகக் கருத்திருக்கும். இதைப் பார்க்க இறக்கை விரியவேண்டும். இறக்கை விரிந்தால் பறவை போய்விடும்.

4. களஆய்வு

தனுஷ்கோடியில் ஒரு ஜனவரிக் காலை. கரைவலையின் மடி கரையேறிக்கொண்டிருந்தது. ஈரமணலில் ஓர் இளசு, இறக்கையை இறுக்க மூடிக்கொண்டு, முக்கால் மணி நேரம் நின்றது. நானும் குந்தியிருந்தேன். தொலைநோக்கிக் கண்ணாடியில் உப்பு படிந்தது. வேட்டி நுனியால் துடைக்கக் குனிந்த நொடியில், அது ஒரு காரல் மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது. நிமிர்ந்தபோது வானத்தில் நாற்பது பறவைகள்.

வலை இழுத்த பெரியவரிடம் கேட்டேன்.

"கடல்காக்கா, தம்பி."

"அது தெரியுது ஐயா. எந்தக் கடல்காக்கா?"

"மீனைத் தூக்கிட்டுப் போன காக்கா."

என் மூன்று பக்கக் குறிப்பில் இவ்வளவு துல்லியமான வரி ஒன்றுகூட இல்லை.

5. முடிவு

குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதி, நடுவே சாய்கோடு போடுக. மானமும் தப்பும், உண்மையும் தப்பும். அந்தக் கோடு போட மனம் வராதவர்கள் அதே இளசைத் தொடர்ந்து அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்கலாம். அதற்குள் அது வளர்ந்து, தானே சொல்லிவிடும்.