சி ஷிப்ட் சேவல்

திட்டு வாங்கும்போது நகரத்தான் மூளையும் கிராமத்தான் மூளையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லையாம். இதை நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்து மனநல ஆய்வு நிலையத்தார் சோதித்துப் பார்த்து, 2011-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மாணவர்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். நேரம் போதாது. ஒருவன் தப்பித்தவறிச் சரியாகப் போட்டுக்கொண்டே போனால், எந்திரம் நேரத்தை இன்னும் குறைத்துவிடும். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், நீ எங்கே இருக்கிறாய் என்பது திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு ஹெட்போனில் ஒருவர், நீ செய்வது சரியில்லை என்று இடித்துரைப்பார். அந்த நேரத்தில் பயத்தையும் பதற்றத்தையும் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி எவ்வளவு துடிக்கிறது என்று பார்த்தார்கள். நகரவாசிக்கு அதிகம், சிறு டவுன்காரனுக்கு நடுத்தரம், கிராமத்தானுக்குக் குறைவு.

படித்து முடித்ததும் அந்த விஞ்ஞானிகள்மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது. இதற்கா இத்தனை செலவு? எங்கள் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் இதே சோதனையை நாளொன்றுக்கு மூன்று ஷிப்ட் நடத்துகிறார்கள். திரைக்குப் பதில் டார்கெட் போர்டு, ஹெட்போனுக்குப் பதில் லைன் லீடர். நேற்று டார்கெட்டைத் தொட்டுவிட்டால் இன்று டார்கெட் ஏறியிருக்கும். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே சோதனைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளமும் உண்டு, கேன்டீனில் சாம்பார் சாதமும் உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தால் நகரம், பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் டவுன், மீதியெல்லாம் கிராமம் என்று மன்ஹைம்காரர்கள் மூன்று பெட்டி வைத்திருக்கிறார்கள். என் அமிக்டலாவை எந்தப் பெட்டியில் போடுவது? அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்து ஊராட்சி. ஆனால் ஊரிலேயே சிப்காட் இருக்கிறது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஒரகடம். பக்கத்து வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று 706 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்களே ஒரு விடுதி, அதில் மட்டும் 18,720 படுக்கைகள். ஜெர்மன் கணக்குப்படி அந்த விடுதி தனியாகவே ஒரு டவுன். வார்டனை மேயர் என்று கூப்பிடலாம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசை வந்து வெகுநாள் ஆகிறது. யானையைத்தான் இன்னும் காணோம். பீச் இல்லை, பார்க் இல்லை, மெட்ரோ ரயில் இல்லை. ஆனால் நகரத்தானுக்கு வருகிற பதற்றம், தூக்கமின்மை, சந்தேகம், கூட்டத்துக்கு நடுவே தனிமை எல்லாம் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டன.

முதலில் கெட்டது எங்கள் வீட்டுச் சேவல். சிப்காட் ரோட்டில் விளக்குப் போட்டதிலிருந்து அதற்கு விடியல் எது என்று புரிவதில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கூவுகிறது. அம்மா அதற்கு சி ஷிப்ட் என்று பேர் வைத்துவிட்டாள். அவளும் இப்போது சேவலை நம்பி எழுந்திருப்பதில்லை. ஏ ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி பஸ் முனையில் திரும்பும் சத்தம் கேட்டால்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

ஒவ்வொரு உயிருக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது பகலையும் இரவையும் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பார்கள். பழ ஈயை வைத்து அந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பரிசோதித்த ஈக்கள் கொடுத்துவைத்தவை. இந்த வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி என்று ஷிப்ட் மாற்றினால் எந்த ஈயும் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருக்கும்.

மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் நாங்கள் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கே பாய் ஆறுவதே இல்லை. ஒருவன் எழுந்து போனால் இன்னொருவன் வந்து விழுகிறான். ஒரே ரூமில் இருக்கும் ஒடிசாக்காரனும் தர்மபுரிக்காரனும் விழித்த நிலையில் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஒருவனுக்கு இன்னொருவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தலையணை சொன்ன செய்திதான்: இவன் தேங்காயெண்ணெய், அவன் கடுகெண்ணெய்.

ஊர்க்காரர்களின் பேச்சும் மாறிவிட்டது. மாவரைக்க உட்கார்ந்த என் மனைவி, “ரிலீவர் வராம நான் எந்திரிக்க மாட்டேன்” என்கிறாள். பெண் பார்க்க வந்த வீட்டில் நட்சத்திரம் கேட்பதற்கு முன்பே, “மாப்பிள்ளை பர்மனன்ட்டா, காண்ட்ராக்ட்டா?” என்று கேட்டுவிடுகிறார்கள். காண்ட்ராக்ட் என்றால் செவ்வாய் தோஷத்தைவிடக் கடுமையான தோஷம். அதற்குப் பரிகாரமும் கிடையாது.

டீக்கடையில் முன்பெல்லாம் ஏரி மதகைப் பற்றிச் சண்டை நடக்கும். இப்போது அமெரிக்காவில் வரி கூட்டினால் இங்கே ரூம் வாடகை இறங்குமா என்று விவாதம் நடக்கிறது. சிரிக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் செல்போன் செய்ய ஆரம்பித்த நோக்கியா, 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எங்கோ பின்லாந்தில் எடுக்கிற முடிவு ஸ்ரீபெரும்புதூரில் எத்தனை பேர் வீட்டு அடுப்பைத் தொடும் என்பதை அன்றைக்குப் பார்த்தோம். அதிலிருந்து எங்கள் பக்கத்து ஹவுஸ் ஓனர்கள் எல்லாரும் உலகச் செய்தி பார்க்கிறார்கள். மழை பொய்த்தால் கவலைப்பட்ட சனம் இப்போது மாடல் ஓடவில்லையென்றால் கவலைப்படுகிறது. மழைக்கு மாரியம்மன் இருந்தாள். கார் மாடலுக்கு யாரிடம் போய்ப் பொங்கல் வைப்பது?

நகரத்தில் உடம்புகள் நெருங்கும், மனங்கள் விலகும் என்று கியோர்க் சிம்மல் என்ற பெர்லின்காரர் 1903-இலேயே எழுதினார். கண்ணில் படுகிற அத்தனை பேருக்கும் மனத்தைக் கொடுத்தால் ஆள் நொறுங்கிப்போவான். அதனால் நகரத்தான் தன்மேல் ஒரு அலட்சியத்தைப் போர்த்திக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. 1970-இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளரும் ஏறக்குறைய இதையே, மூளைக்குத் தாங்க முடியாத பாரம் ஏறுகிறது என்று விளக்கினார்.

இருவரும் எங்கள் லைன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்கள். கேட்டவர்க்கெல்லாம் சொல்லக்கூடாது என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்ன ராமானுஜர் பிறந்தது பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தான். அந்த மண்வாகோ என்னவோ, எங்கள் சுவர்களாலும் ரகசியம் காக்க முடிவதில்லை. மூன்றாவது ரூம் பையனுக்கு எப்போது சம்பளம் ஏறும், அவன் தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு கடன், அவன் அம்மாவுக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவன் பேசுவது ஒடியா. எனக்கு ஒடியாவில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வீடியோ காலில் தினமும் கேட்டுக் கேட்டுப் புரிந்துவிட்டது. அவன் பெயர்தான் தெரியாது. எங்கள் வீட்டில் அவன் பேர் ‘மூணாம் நம்பர், பி ஷிப்ட்’.

பட்டினப்பாலையின் தலைவன் காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் காதலியைப் பிரிந்து போகமாட்டேன் என்கிறான். மூணாம் நம்பர் காண்ட்ராக்ட் வேலைக்கே பிரிந்து வந்துவிட்டான். சங்க காலத்தில் தங்கைக் கல்யாணத்துக்கு இத்தனை கடன் இருந்திருக்காது.

அவனைச் சொல்லி என்ன? எங்கள் ஊருக்குப் புதிதாக ஒருவன் வந்தால் முன்பு மூன்று திண்ணை தாண்ட முடியாது. “எந்த ஊரு, யாரு வூட்டுக்கு, இன்னா விஷயம்?” என்று நீதிமன்றமே நடக்கும். இப்போது அந்த விசாரணை எனக்கு நடக்கிறது. என் சித்தப்பா உழுத நிலத்தில் ஒரு அபார்ட்மென்ட் வந்திருக்கிறது. அதன் வாசலில் நிழலுக்கு ஒதுங்கினால் செக்யூரிட்டி விசில் ஊதி, “கிதர் ஜானா ஹை?” என்கிறான். என்னத்தைச் சொல்வது? இந்த இடத்தில் என்னைப் பாம்பு துரத்தியிருக்கிறது என்று சொல்லப் பார்த்தேன். பாம்புக்கு இந்தி வார்த்தை வரவில்லை. கையால் நெளித்துக் காட்டினேன். அவன் போனை எடுத்து யாருக்கோ தகவல் சொன்னான்.

இவ்வளவு இருந்தும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் மனசு சரியில்லை என்று பேச்சு வந்ததே இல்லை. ஏனென்றால் மனசு என்றால் கீழ்ப்பாக்கம். கீழ்ப்பாக்கம் என்றால் கல்யாணம் நின்றுவிடும். 1794-இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரி, எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. ஆனாலும் சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் அதன் பேரைச் சொன்னாலே சிரிப்பு. ஆகவே இங்கே எல்லாருக்கும் வருவது கேஸ் ட்ரபுள், தலைபாரம், பிடரிவலி, பி.பி. மெடிக்கல் ஷாப்காரர் மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, “டென்ஷன் ஆகாதீங்க” என்கிறார். அதையும் டென்ஷனாகத்தான் சொல்கிறார். கடை வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. முற்றினால் சோளிங்கர். 1,305 படி ஏறி நரசிம்மரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. பக்தியா, படியா என்று நான் ஆராய்வதில்லை.

ஏறமுடியாதவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்தது. எந்நேரமும் தமிழில் பேசலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரூமுக்கு வந்து பேசலாமென்றால், எங்கள் சுவரைப் பற்றித்தான் சொன்னேனே. ஒருவன் மனக்குறையை டாக்டரிடம் சொல்லி முடிப்பதற்குள் நாலாம் நம்பர் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

மனம் தெளியப் பச்சையைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களை ஒப்பிட்டு, 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் தெரிந்தவர்கள் கூடுதல் நாள் கிடந்து, வீரியமான வலிமருந்தும் அதிகம் கேட்டார்களாம். எங்கள் லைன் வீட்டு ஜன்னல் பக்கத்து லைன் வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. அவர்கள் ஜன்னல் எங்கள் சுவரைப் பார்க்கிறது. வாடகை மட்டும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டு போகிறது.

பச்சை இல்லாமல் இல்லை. கம்பெனி காம்பவுண்டுக்குள் வெட்டிச் சீவிய புல்தரை இருக்கிறது. நெல் விளைந்த பூமியில் இப்போது புல் விளைகிறது; அதைத் தின்ன மாடும் இல்லை, மிதிக்க மனிதனுக்கு அனுமதியும் இல்லை. வெளியே பச்சை வேண்டுமென்றால் ஏரிக்கரைதான். மழைக்காலத்தில் எங்கள் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக் குழாய்க்குப் போகிறது. தண்ணீரை நாங்கள் அனுப்புகிறோம், டென்ஷனைச் சென்னை அனுப்புகிறது. பண்டமாற்று நியாயமாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன்.

இந்த ஊர் எந்தப் பெட்டியில் சேரும் என்ற என் சந்தேகத்தைப் பொங்கல்தான் தீர்த்துவைத்தது. போகிக்கு முந்தின நாள் லைன் வீடுகள் காலியாகிவிடும். திருநெல்வேலிக்காரன் திருநெல்வேலிக்கும் விழுப்புரத்தான் விழுப்புரத்துக்கும் போய்விடுவார்கள். சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததென்று மூணாம் நம்பரும் அவன் கூட்டாளிகளும் ரயிலேறிவிடுவார்கள். பஸ் இல்லை, ஹாரன் இல்லை, கம்ப்ரசர் உறுமல் இல்லை. நாங்கள் சூரியனுக்குப் பொங்கல் வைப்போம். மாட்டுப் பொங்கலன்று மாடு இல்லாததால் தம்பியின் கம்பெனி வேனைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, ஸ்டியரிங்கில் கரும்பு கட்டுவோம். அதுவும் எங்களை வைத்துச் சோறு போடுகிற ஜீவன்தானே.

ராத்திரிதான் சிக்கல். ஊர் அடங்கிவிட்டது. தவளை கத்துவது கேட்கிறது. ஆனால் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. நான் புரண்டுகொண்டிருக்கிறேன். மனைவி பேன் ஸ்பீடைக் கூட்டுகிறாள், அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று. சேவல்கூடக் கூவவில்லை, அதற்கும் லீவு போலிருக்கிறது.

இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, நாற்று நட்டு, களை பறித்து, எழுபது வயது தாண்டிய என் அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். இருட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்:

“இன்னாடா இது, ஒரு சத்தங்கூட இல்லாம! சுத்தப் பட்டிக்காடு மாதிரி கீது!”