ஸ்டோர் ரூம் சாவி

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்புக்கு வந்துவிடும். முந்திரி, வெல்லம், தாம்பூலப் பை எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பதவியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நாதஸ்வரக்காரருக்குக் காபி போயிற்றா என்று கேட்க ஒருவர் இருப்பார். சம்பந்தி வீட்டு டிரைவர் சாப்பிட்டாரா என்று பார்க்க ஒருவர் இருப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட்டார்களா என்று கேட்கத்தான் நாதி கிடையாது.

ஆகவே மணமக்களே, பந்திக்கு முந்துங்கள். ரிசப்ஷன் ஆறரைக்கு என்றால், நாலு மணிக்கே ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை உள்ளே தள்ளிவிடுங்கள். மேக்கப் ஆரம்பித்துவிட்டால் அந்த அம்மா வாயைத் திறக்க விடமாட்டார். அப்புறம் மேடை. "சார், கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. மேடம், லேசா சிரிங்க." வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், கீழே பந்தியும் நகர்ந்துகொண்டே இருக்கும். பத்தரை மணிக்கு நீங்கள் டைனிங் ஹாலுக்கு இறங்கும்போது தோசைக்கல் ஆறிப்போயிருக்கும், ஐஸ்கிரீம் பாயசமாகியிருக்கும். இலையில் தயிர்சாதம், எதிரே அதே போட்டோகிராபர். "ஒருத்தருக்கொருத்தர் ஊட்டிவிடுங்க!" பசியில் உங்கள் கை நடுங்கும். ஆல்பம் பார்க்கிறவர்கள் வெட்கம் என்பார்கள்.

ஜோசியரிடம் நீங்களும் கூடவே போங்கள். பெரியவர்களை மட்டும் அனுப்பினால் விடிகாலை 4.30–6 என்று குறித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்த பெண்ணை, ஜடை பின்னுகிற அம்மா ஒன்றரைக்கு வந்து எழுப்புவார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம் 4.30க்குத்தான், எமகண்டமும் பகல் 12க்கு மேல்தான். காலைப் பொழுது முழுக்கச் சும்மாதானே கிடக்கிறது, 9–10.30க்கு லக்னம் அமையுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பணிவு முக்கியம். பஞ்சாங்கம் அவர் கையில்.

மண்டபத்தில் வாடகை ஒரு கணக்கு, கரண்ட் ஒரு கணக்கு, ஜெனரேட்டர் டீசல் ஒரு கணக்கு, கூட்டிப் பெருக்குவது இன்னொரு கணக்கு. உள்ளே நுழைந்ததும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது மறுபடி ஒன்று. கல்யாணத்தில் எடுக்கிற படங்களில் காசு மிச்சம் பிடித்துத் தருவது இவை இரண்டும்தான்.

மொய் எழுத மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பரை உட்கார வைக்காதீர்கள். முத்து முத்தான கையெழுத்தில் "சித்தப்பா – 1001" என்று எழுதுவார். எந்தச் சித்தப்பா? திருப்பிச் செய்ய வேண்டிய பணமல்லவா! ஊரும் இனிஷியலும் தெரிந்த, காது நன்றாகக் கேட்கிற ஒரு பெரியப்பாவைப் பிடித்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஃபேன் வையுங்கள், எழுந்து போகமாட்டார்.

கடைசியாகப் பதிவு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அழைப்பிதழ் கேட்பார்கள். அதில் "பப்பு (எ)" என்றெல்லாம் செல்லப்பெயர் போடாமல், ஆதாரில் இருக்கிறபடியே பெயரும் இனிஷியலும் இருக்கட்டும். அச்சடித்து வந்த அன்றே இரண்டை எடுத்துப் பீரோவில் பூட்டுங்கள். மற்றவற்றின் பின்பக்கத்தில் வீட்டில் யாராவது பால் கணக்கு எழுத ஆரம்பித்திருப்பார்கள்.