மெய்க்கீர்த்தி உண்டு, ஆட்சியாண்டு இல்லை

பெறுநர்:
ஸ்னோபோர்டு விளம்பர அட்டவணைகளை எழுதும் பெருமக்கள்,
விறைப்பு எண் வழங்கும் பிரிவு
(அப்படி ஒரு பிரிவு எந்த நிறுவனத்திலாவது இருக்குமானால்).

பொருள்: 162 செ.மீ. பழைய பலகை ஒன்றை விற்றுவிட்டு ஃப்ரீஸ்டைல் பலகை வாங்க முயல்வது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வேலை மாற்றம் என்னைப் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒன்ராறியோவுக்குக் கொண்டுவந்தது. வீட்டுச் சாமானெல்லாம் லாரியில் வந்து சேர்ந்தது. மலை மட்டும் வரவில்லை. அங்கே பிளாக்கோம்ப் மலையில் லிஃப்ட் எட்டும் உச்சியிலிருந்து அடிவாரம் வரை 1,609 மீட்டர் இறக்கம், சரியாக ஒரு மைல். இங்கே காலிங்வுட் அருகே புளூ மவுண்டனின் இறக்கம் 219 மீட்டர். என்னிடம் இருப்பதோ அந்த ஒரு மைலுக்கான பலகை. 162 செ.மீ. நீளம், அசையாத விறைப்பு, அகன்ற மூக்கு, ஒடுங்கிய வால். கால் வைக்கும் இடமும் வாலை நோக்கித் தள்ளியிருக்கிறது. ஆழமான புதுப்பனியில் மூக்கு மூழ்காமல் மிதப்பதற்காகச் செய்த ஏற்பாடுகள் இவை. ஒன்ராறியோவில் எந்திரம் துப்பிய பனியை இரவில் வண்டி ஓட்டி அழுத்தி வைக்கிறார்கள்; காலையில் அது கெட்டித்துக் கிடக்கிறது. அதில் என் பலகை வேகம் பிடிக்கத் தொடங்கும்போதே லிஃப்டுக்கு நிற்கும் வரிசை எதிரே வந்துவிடுகிறது.

மலை குட்டையானால் என்ன செய்வது என்பதை இங்குள்ள பிள்ளைகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். மேடு கட்டி, இரும்பு ரெயில் நட்டு, பெட்டி வைத்து, அதன்மேல் ஏறித் துள்ளுகிறார்கள். நானும் பழையதை விற்க வேண்டும், இப்படி அமைத்த டெரெய்ன் பார்க்குக்கு ஏற்ற ஃப்ரீஸ்டைல் பலகை ஒன்றை வாங்க வேண்டும். இரண்டும் எளிய காரியங்கள். இரண்டுக்கும் குறுக்கே தாங்கள் நிற்பதால் இந்தக் கடிதம்.

முதலில் விற்பனை. விளம்பரம் வந்த அன்றே ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணை, இது எந்த வருசத்துப் போர்ட்?" நியாயமான கேள்வி. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேற்பரப்பில் ஓர் ஓநாய், அதற்குமேல் மூன்று நிலவுகள், நிறுவனத்தின் பெயர் பல இடங்களில். அடிப்பரப்பில் அதே பெயர், லிஃப்டில் இருப்பவரும் படிக்கும்படி, வால் முதல் மூக்கு வரை. ஓரத்தில் ஒரு வரிசை எண். அதைப் படிக்கும் சூத்திரம் தங்கள் அலுவலகத்தில். ஆண்டு மட்டும் எங்குமில்லை.

முதலாம் ராஜராஜன் காலம்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. அரசன் வென்ற நாடுகளை அடுக்கிப் புகழ்ந்த கையோடு, இது அவனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்றும் பொறித்துவிடுவார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிற ஆய்வாளனுக்கு அந்த ஒரு வரி போதும். மெய்க்கீர்த்தி பாடுவதில் தாங்கள் சோழ நாட்டுப் புலவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். சிகரங்களை அடக்கியது, புயலைக் கிழித்தது, புவியீர்ப்பைப் பணியவைத்தது என்று என் பலகைக்கும் ஒரு பக்கம் பாடியிருக்கிறீர்கள். ஆட்சியாண்டைத்தான் விட்டுவிட்டீர்கள். ஆகவே காலக்கணிப்புக்கு ஓநாய்தான் கதி. மூன்று நிலவு என்றால் ஓர் ஆண்டு, இரண்டு நிலவு என்றால் அதற்கு முந்தியது. அச்சு அதே, மரம் அதே, இரும்பு விளிம்பு அதே; நிலவு மட்டும் கூடிக் குறையும். அதற்குப் பெயர் புதிய மாடல்.

ஆண்டைச் சொல்லும்போதும் தங்கள் பஞ்சாங்கம் தனி. 2024 இலையுதிர்காலத்தில் கடைக்கு வந்த பலகை 2025 மாடல். 2025 பிப்ரவரி, மார்ச்சில் அதைத் தள்ளுபடியில் போட்டுவிட்டார்கள், 2026 மாடல் வரப்போகிறதே! தன் பெயரில் உள்ள ஆண்டு முழுசாக விடியும் முன்பே ஒரு பொருளைக் கிழமாக்கிக் காட்டுவது சாதாரண வித்தையா? நான் வாங்கிய தேதியை வைத்து ஒரு வயது சொன்னேன். தம்பி தங்கள் பஞ்சாங்கப்படி வேறொரு வயது சொன்னார். எது கூடுதலோ அதற்குத்தான் விலை பேசினார்.

அடுத்து, "ஃப்ளெக்ஸ் எவ்வளவு?" என்றார். அட்டவணையில் விறைப்பு எண்ணைப் பார்த்துப் பத்துக்கு எட்டு என்றேன்.

"ஆரின்ர கணக்கில அண்ணை எட்டு?"

தங்கள் தொழிலைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் ஒன்றை நான் கேட்டதில்லை. ஒரு நிறுவனம் ஒன்று முதல் பத்து வரை எண் போடுகிறது. இன்னொன்று மென்மை, நடுத்தரம், கெட்டி என்று சொல்லால் ஒப்பேற்றுகிறது. எண் போடுகிறவர்களும் யாரோடும் கலந்து போடுவதில்லை. தம் வீட்டுப் பலகைகளைத் தமக்குள் வரிசைப்படுத்தி எண் குத்துகிறார்கள். கடையில் இரண்டு ஃப்ரீஸ்டைல் பலகைகளின் வாலைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கை வைத்து அழுத்திப் பார்த்தேன். 4 என்று போட்டது கெட்டி. 6 என்று போட்டது இளக்கம். விற்பனைப் பையனிடம் கேட்டால், "அது அவங்க ஸ்கேல் சார்" என்கிற பாவனையில் தோளைக் குலுக்கினான்.

அக்கம்பக்கத்தாரைப் பாருங்கள். பனிச்சறுக்குக் கட்டையில் (ஸ்கீ) பூட்ஸைப் பிடித்து, விழும்போது விடுவிக்கும் பைண்டிங்குக்கு ஓர் எண் உண்டு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் எல்லாவற்றையும் அட்டவணையில் பார்த்து அந்த எண்ணை வைக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் பைண்டிங் ஆனாலும் ஆறு என்றால் ஆறுதான். சர்வதேசத் தர நிர்ணயம் அப்படி. தப்பாக வைத்தால் கால் எலும்பு கணக்குக் கேட்கும் என்பதால் அவர்கள் ஒன்றுகூடி ஒரே அளவுகோலுக்கு வந்தார்கள். தங்கள் சொந்த வீட்டிலேயே பூட்ஸ்காரர்கள் மாண்டோபாயின்ட் அளவை வைத்திருக்கிறார்கள்: 27.5 என்றால் 27.5 செ.மீ. பாதம். பைண்டிங்கைப் பலகையோடு முடுக்கும் திருகுகூட ஏறக்குறைய எல்லாரிடமும் ஆறு மில்லிமீட்டர்தான். (துளையை எங்கே போடுவது என்பதில் ஒரு பெரிய நிறுவனம் தனி வழி போய், துளைக்குப் பதில் தண்டவாளம் மாதிரி ஒரு பள்ளம் வெட்டிவைத்தது வேறு கதை.) திருகில் ஒற்றுமை காண முடிந்த தொழிலுக்கு வளைவில் முடியாதா?

தாங்கள் சொல்லக்கூடிய பதிலை நானே சொல்லிவிடுகிறேன், அது உண்மையும்கூட. வளைவு ஒன்றல்ல. நீளவாக்கில் வளைவது வேறு, துணி பிழிவதுபோல் முறுகுவது வேறு. 150 செ.மீ. பலகையும் 160 செ.மீ. பலகையும் ஒரே மாடலானாலும் ஒரே மாதிரி வளையாது. ஒரே தொகுதியில் வந்த மரத்துண்டுகளுக்குள்ளும் சிறு வேறுபாடு இருக்கும். எல்லாம் சரி. இத்தனையும் தெரிந்தவர்கள் இத்தனைக்கும் சேர்த்து ஒற்றை எண் போடுவானேன்? இரண்டு போடுங்கள். இரு முனைகளையும் தாங்கிமேல் வைத்து, நடுவில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கல்லூரி முதலாண்டில் யங் குணகம் கண்டுபிடித்த எவரையாவது ஒரு நாள் சம்பளத்துக்கு அழைத்தால் செய்துகொடுத்துவிட்டுப் போவார். அளவெடுப்பது தங்களுக்குக் கைவராத கலையுமல்ல. பலகையின் இடுப்பு அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் போடுகிறீர்கள், அதுவும் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியாக. அது பயன்படுகிறது, கால் நீண்டவர் விரல் பனியில் உரசி விழாமல் இருக்க உதவுகிறது. அதற்கு என் நன்றி உண்டு.

இனி வாங்கும் படலம். ஃப்ரீஸ்டைல் பலகை கேட்டேன். தங்கள் அட்டவணையில் ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் இருக்கிறது. ஃப்ரீஸ்டைல் ஆல்-மவுண்டனும் இருக்கிறது. முதலாவது மலையெங்கும் போகும், பார்க்கிலும் ஆடும். இரண்டாவது பார்க்கில் ஆடும், மலையெங்கும் போகும். இரண்டுக்கும் விலை வேறு. இவை போக, எல்லாவற்றுக்குமானது ஒன்று. எல்லாவற்றுக்கும், அதற்கு அப்பாலும் ஆனது இன்னொன்று. எதற்கு ஆகாது என்று சொல்லும் வரியை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம்.

மெய்க்கீர்த்தியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான், அது கற்றுக்கொள்ளக் கடினமும் அல்ல. பார்க் பலகை என்றால் மூக்கும் வாலும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். நிற்கும் இடம் நட்டநடுவில் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்றில் சுழன்று, வழக்கமாகப் பின்னால் இருக்கும் கால் முன்னால் வர, தலைமாறி இறங்கினாலும் பலகை வித்தியாசம் காட்டாது. நீளம் குறைய வேண்டும். சுழற்றுவதற்குச் சுமை குறையும். மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே நிற்க வேண்டும் என்று பழைய கடைக்காரர்கள் பலகையை முகத்தருகே நிறுத்திக் காட்டுவார்கள். அது சும்மா. பலகைக்கு உங்கள் முகம் தெரியாது, எடைதான் தெரியும். என் 75 கிலோவுக்கு 154 செ.மீ. பொருந்தும்.

பிறகு வடிவம். தரையில் வைத்தால் நடு முதுகு தூக்கி நிற்பது கேம்பர். மிதித்து விட்டால் எகிறும், கெட்டிப் பனியில் விளிம்பு கடித்துப் பிடிக்கும். கவனம் தப்பினால் கவிழ்த்தும் விடும். நடு தாழ்ந்து இரு முனையும் எழும்பி நிற்பது ராக்கர். ரெயிலில் வழுக்கவும், புதிதாகக் கற்கவும் சொகுசு, கெட்டிப் பனியில் பிடிமானம் குறைவு. இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். இந்தக் கலவைகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்த தனிப்பெயர் சூட்டியிருப்பதால், ஒரே வளைவு நான்கு கடையில் நான்கு பெயரில் தொங்குகிறது. ஒன்ராறியோவின் கெட்டிப் பனிக்கு என் தீர்ப்பு கேம்பர். சொகுசு வேண்டுவோர் வேறு முடிவுக்கு வரலாம்.

அடிப்பரப்பில் இரண்டு சாதி. பாலிஎத்திலீனை உருக்கிப் பிதுக்கிச் செய்வது எக்ஸ்ட்ரூடட்: விலை குறைவு, காயம் பட்டால் அடைப்பது சுலபம். பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்வது சின்டர்ட்: மெழுகை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேகமாக ஓடும், அடிக்கடி மெழுகு பூசாவிட்டால் முரண்டு பிடிக்கும். ரெயிலில் உரசித் தேயப்போகிற பலகைக்கு முதலாவது தாராளம். தங்கள் ஆட்களோ பார்க் பலகைக்கும் சின்டர்ட் அடி போட்டு, அதற்கு நாலிலக்க எண் ஒன்றும் கொடுத்து, அந்த எண்ணுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரீஸ்டைல் பக்கத்தைத் திறந்தால் ஹெலிகாப்டர், பனிமுகடு, அதிலிருந்து குதிக்கும் ஒருவர். ரெயிலிலும் மேட்டிலும் துள்ளும் ஸ்லோப்ஸ்டைல் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2014-இல். அன்றிலிருந்து 2022 வரை மூன்று ஒலிம்பிக்கிலும் அதில் வெண்கலம் வென்ற மார்க் மெக்மாரிஸ் பிறந்த ஊர் ரெஜைனா. சஸ்காச்சுவான் சமவெளியின் நடுவில் இருக்கும் ஊர் அது. அங்கே மலை வேண்டுமென்றால் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். 2022 பெய்ஜிங்கில் பிக் ஏர் என்ற தாவல் போட்டி நடந்த சரிவோ மூடப்பட்ட உருக்காலையின் குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் கட்டியது. இந்தக் கலையின் பிறப்பும் முகட்டில் நடக்கவில்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனின் மஸ்கிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் மகள்கள் விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். வீட்டருகே இருந்த சரிவில் அதில் நின்றுகொண்டே சறுக்கினார்கள். அதிலிருந்து ஸ்னர்ஃபர் என்ற பலகை வந்தது, மூக்கில் ஒரு கயிற்றோடு. பிறகு 1977-இல் ஜேக் பர்டன் வெர்மான்ட்டில் பலகை செய்யத் தொடங்கினார். 219 மீட்டர் இறக்கத்தில் ஓட்டுகிறவன் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவனுக்கும் ஒரு படம் போடலாம்.

விற்கும் பலகையைப் பற்றிய உண்மை முழுசாக வெளிவரும் இடம் எது என்று கேட்டால், பழைய சாமான் சந்தை என்பேன். இலையுதிர்காலத்தில் இங்குள்ள பனிச்சறுக்குக் கழகங்கள் நடத்தும் சந்தைகளில் பலகையில் கட்டிய சீட்டைப் படித்துப் பாருங்கள். "அடியில் ஒரு ஆழமான வெட்டு, மரம் தெரிந்தது, அடைத்திருக்கிறது. வால் விளிம்பில் துரு. கேம்பர் பாதி போய்விட்டது." எழுதியவர் பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம், வாங்குகிறவனுக்குத் தேவையானது அத்தனையும் அதில் இருக்கிறது. வாங்க வந்தவர்களும் கண்ணை நம்புவதில்லை. விளிம்போரம் நகத்தை ஓட்டி விரிசல் தேடுகிறார்கள். ஓரத்தை நெருக்கி, அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். தரையில் கிடத்தி, நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று கேம்பரை அளக்கிறார்கள். தாங்கள் எண் கொடுக்காததால் அவர்கள் விரலை அளவுகோலாக்கிக்கொண்டார்கள்.

ஆகவே என் கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, பலகையில் எங்காவது ஆண்டைப் பொறியுங்கள். ஓநாய்க்கு எத்தனை நிலவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வால் ஓரத்தில் நான்கு இலக்கம் போதும். இரண்டு, எல்லா நிறுவனத்தாரும் ஓர் அறையில் உட்கார்ந்து, நீளவாக்கு வளைவுக்கு ஒன்றும் முறுக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு எண்களுக்கு ஒரே அளவுகோல் முடிவு செய்யுங்கள். மூன்று, ஒவ்வொரு பலகையின் பக்கத்திலும் "இது இதற்கு ஆகாது" என்று ஒரு வரி சேருங்கள். முதலாவது அடுத்த பருவத்துக்கே முடியும், செலவு கொஞ்சம் மைதான். இரண்டாவதற்கு அவகாசம் தருகிறேன். மூன்றாவது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புதுப் பலகையைச் சந்தையிலேயே எடுத்துவிட்டேன். 154 செ.மீ., கேம்பர், இருபுறமும் ஒரே அச்சு, எக்ஸ்ட்ரூடட் அடி. வருடம் தெரியாது, ஓர் ஆந்தை இருக்கிறது. அது எந்த ஆண்டு ஆந்தை என்று தெரிந்தவர்கள் தங்கள் அலுவலகத்தில் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளன்,
ஒன்ராறியோ.