கோடரிக்காரரும் ஏர்க்காரரும்

வேட்டையாடித் திரிந்த மனிதன் ஆற்றங்கரையில் குடியேறி உழவனானது நைல், சிந்துப் பக்கம்தானே? எங்கள் ஊருக்கு அதில் என்ன பங்கு?
— வாசகர், கோவிலம்பாக்கம்

ரேடியல் ரோட்டில் மேற்கே போனால் பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கேதான் சரளைக் குழியில் கற்கோடரி கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததைச் சொன்ன முதல் கல் அது. வேட்டைக்காரர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்!

கொசஸ்தலை ஆற்றையொட்டிய அத்திரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்தன. தாமிரபரணிப் பக்கம் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கோ வயது 3,200 ஆண்டுதான். ஏர் பிடிக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கோவிலம்பாக்கத்தில் கடைசியாக நெல் அறுத்தது எந்த ஆண்டு? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள், அவசியம் வெளியிடுகிறேன்.