துரு பொய் சொல்லாது: மணிமுத்தாறு வட்டார ஏலங்களில் பழைய சிறுகார்களை மதிப்பிடும் அளவை குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குக் காரின் நோய் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாக் காருக்கும் நோயாளி விலையே கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் சந்தைப் பக்கமே வரமாட்டான். கடைசியில் சந்தையில் சொத்தைகளே மிஞ்சும் என்பது அதன் சாரம். 2001-இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இவ்வாய்வு கோரவில்லை. ஆயினும் கழுவித் துடைத்து பாலிஷ் போட்ட கார்களையே அவர் மனத்தில் கொண்டிருந்தார் என்று கருத இடமுண்டு. பல ஆண்டுகளாகத் தண்ணீர் படாத, அதாவது மழையைத் தவிர வேறு தண்ணீர் படாத ஒரு பழைய சிறுகார் ஏலத்துக்கு வரும்போது அவருடைய கோட்பாடு ஆட்டம் காண்கிறது. அங்கே விற்கிறவருக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இந்த அரிய சமத்துவத்தை ஆராய்வதே நம் பணி.

முதலில் களம். மணிமுத்தாற்றை வெளியூர்க்காரர்கள் 118 அடி அணைக்காகவும் அருவிக்காகவும் மாஞ்சோலைக்கு ஏறும் சாலைக்காகவும் அறிவார்கள். ஆய்வாளருக்கு முக்கியமானது வேறு. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 9-ஆம் அணியும் 12-ஆம் அணியும் இங்கேதான் இருக்கின்றன. படை என்று இருந்தால் வாகனம் இருக்கும்; வாகனம் என்று இருந்தால் ஒருநாள் அது கண்டம் ஆகும். கண்டம் ஆனதைத் துறைகள் ஏலம் விடுகின்றன. மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளை மாவட்டக் காவல் துறை ஏலம் விடுகிறது. தவணை நின்ற வண்டிகளை நிதி நிறுவனங்கள் ஏலம் விடுகின்றன. இவை போக, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வீடுகளில் தாத்தா காலமான பிறகு, பேரன்கள் சென்னையிலிருந்து வந்து இரண்டு நாளில் நடத்தி முடிக்கும் திண்ணை ஏலம் ஒன்று உண்டு. அதற்குப் பத்திரிகை அறிவிப்பு கிடையாது. டீக்கடைதான் அரசிதழ். சிறுகார் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளிவருகிறது என்பதால் ஆய்வாளர் டீ குடித்தே ஆக வேண்டும்.

அரசு ஏல அறிவிப்புகளில் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்றொரு நிபந்தனை வரும். எங்களுக்கு எதுவும் தெரியாது, பிறகு வந்து எங்களிடம் எதுவும் கேட்காதீர்கள் என்பது இதன் பதவுரை. அக்கர்லாஃபின் சிக்கலை ஒரே வரியில் தீர்த்துவைத்த பெருமை நம் அலுவலகங்களுக்கே உரியது.

அடுத்து எல்லை. அம்பாசடர் இவ்வாய்வில் சேராது. அது சிறுகார் அன்று, அது அரசாங்கம். நாம் எடுத்துக்கொள்வது மூன்று. முதலாவது ஃபியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது: 1089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். இரண்டாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இத்தாலிய ஓவியர் மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சி.சி., 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் தயாரானது. அதன் தம்பி கஸல் 1972 முதல் 1977 வரை வந்தது. மூன்றாவது மாருதி 800: 1983 டிசம்பரில் பிறந்தது, 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 650 கிலோ. மாருதியைப் பழம்பொருளாகச் சேர்த்ததற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் தங்கள் வயதை மறைப்பவர்கள்.

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடி இதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆகவே மோட்டார் ஞானம் இவ்வட்டாரத்தின் பரம்பரைச் சொத்து என்று நிறுவிவிடலாம். இடம் போதாமையால் நிறுவவில்லை.

இனி ஆய்வுமுறை. ஒன்றை எப்படி அறிவது என்பதற்குச் சைவ சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். இல்லாததைக் கொண்டு அறியும் இன்மையையும் சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு. ஆன்மாவையும் இறைவனையும் அறிய வகுத்த கருவிகளை ஒரு பத்மினியின் தரைத் தகட்டை அறியப் பயன்படுத்துவது அபசாரம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஆன்மாவும் தரைத் தகடும் மாயையால் மூடப்பட்டவையே. பத்மினியில் அந்த மாயைக்குப் பட்டி என்று பெயர்.

காண்டலில் முதன்மைச் சான்று துரு. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் துருவைப் பற்றிப் பேச நமக்குத் தனித் தகுதி உண்டு. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சொல்கிறது. இரும்பு அவ்வளவு பழையது என்றால் இவ்வாற்றங்கரையில் துருவும் அவ்வளவு பழையதே. இரும்பை முதலில் உருக்கியவனுக்கு அடுத்த மழைக்காலத்திலேயே அதை முறைத்துப் பார்க்கும் வேலையும் வந்திருக்கும்.

துருவைக் கண்டதும் ஓடுகிறவன் புதியவன். துரு எங்கிருந்து தொடங்கியது என்று கேட்பவனே ஆய்வாளன். தூத்துக்குடியில், உப்பளக் காற்றில் வாழ்ந்த கார் கீழேயிருந்து மேலே அரிக்கப்படும். மட்கார்டின் உள்விளிம்பும் சைலன்சரும் முதலில் போகும். அம்பைப் பக்கத்துக் கார் மேலேயிருந்து கீழே அரிக்கப்படும். காரணம் வேப்ப மரம். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்துவார்கள். சருகு முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவழியில் விழுந்து மட்கும். தண்ணீர் வெளியேறும் துளை அடைபடும். பெய்த மழையெல்லாம் உள்ளே இறங்கி மிதியடிக்கு அடியில் தங்கும். கார்க்காரர் நிழல் என்று நினைத்தது உண்மையில் குளம். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் மலையில் கிடந்த வண்டியாக இருந்தால் இரும்புக்கு முன்னால் ரெக்சின் பூசணம் பிடித்திருக்கும். கதவைத் திறந்தவுடன் ஒரு மணம் வரும். அது ஏலக்காய் மணம் என்று ஒருவர் வாதிட்டார். ஏற்பதற்கில்லை.

அடிப்படை வேறுபாடு ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபியட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் தரையும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. தரை அரித்திருந்தால் முதுகெலும்பு அரித்ததாகப் பொருள். ஹெரால்டில் அடியில் சேசிஸ் தனியே கிடக்கிறது, மேலே உடல் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. எனவே அழுகிய ஹெரால்டு பார்ப்பதற்குத்தான் பிணம், கழற்றி மாற்றலாம். ஃபியட் முகம் பளிச்சென்று இருக்கும்போதே காலின் கீழ் பூமி நழுவிக்கொண்டிருக்கும். ஆகவே ஃபியட்டைக் கண்டால் மிதியடியைத் தூக்கு, ஹெரால்டைக் கண்டால் குனி என்பது விதி. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும். அதைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் விழிப்பவர் போட்டியாளர் அல்லர் என்றும் அறிக.

கருவிகள் மூன்று. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம்: தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. மடக்கிய விரல்: தேங்காயைத் தட்டிக் கேட்பதுபோல் கதவின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போனால் ‘டங்’ என்பது ‘தப்’ ஆகும் இடத்தில் உள்ளே சிமெண்டு வேலை நடந்திருக்கிறது. மூன்றாவது ஸ்க்ரூடிரைவர். ஆனால் ஆயுதப்படை மைதானத்தில், காவலர் பார்த்துக்கொண்டிருக்கையில், அரசு உடைமையை ஸ்க்ரூடிரைவரால் குத்துவது ஆய்வு நெறிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கும் ஒருசேரப் புறம்பானது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு காண்டலில் ஒரு புதிய படி சேர்ந்திருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மூழ்கி எழுந்த வண்டிகளைக் கழுவிவிட்டார்கள். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால், சீட் தண்டவாளத்தின் இடுக்கில், ஸ்டெப்னி பள்ளத்தின் மூலையில் மெல்லிய வண்டல் தங்கிவிடும். விரல் விட்டுப் பார்க்கவும். நெல்லுக்கு அது உரம், வயரிங்குக்கு அன்று.

கருதல் அளவைக்கு நூல்கள் தரும் எடுத்துக்காட்டு புகை. மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டெனக் கருதுவது. வாகனவியலில் இது நேரடியாகப் பொருந்துகிறது: நீலப் புகை கண்டால் ஆயில் எரிகிறது, கரும்புகை கண்டால் கார்புரேட்டர் அதிகம் குடிக்கிறது, விடாத வெண்புகை கண்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. ஒரே குறை, ஏலத்துக்கு வரும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புகையே இல்லாத மலையை வைத்துக்கொண்டு தத்துவம் செய்ய முடியாது. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்து, இன்ஜின் அசைந்தால் உயிர் உண்டு என்று கொள்க. கிலோமீட்டர் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பிவிடும். அது எத்தனையாவது பிறவி என்று யார் அறிவார்.

பணம் இன்மையில்தான் இருக்கிறது. பேட்டரி இல்லை, ரேடியேட்டர் இல்லை என்று புலம்புவோர் உண்டு. அவை கடையில் கிடைக்கும். காணாமல் போன நிக்கல் பட்டை, பின்விளக்கின் கண்ணாடி மூடி, கிரில், பெயர்ப் பித்தான் ஆகியவை கிடைக்காது. ஓடாத இன்ஜினைவிட ஒரு ஹெரால்டின் உடைந்த பின்விளக்கு அதிக நாள் தூக்கத்தைக் கெடுக்கும். எல்லா இன்மைகளிலும் பெரிய இன்மை ஆர்.சி. புத்தகம். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்க வேண்டும், கல்வெட்டியலாரும் ஆர்.டி.ஓ. அலுவலகப் புரோக்கரும் சந்திக்கும் ஒரே துறை இதுதான். படியும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இரும்பு மட்டுமே.

உரை, அதாவது பிறர் சொல், பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “தாத்தா மட்டும் ஓட்டுன வண்டி அண்ணாச்சி, ஒரு கீறல் கிடையாது பாத்துக்கிடுங்க” என்பது சான்று அன்று, இலக்கியம். “போன வாரந்தான் டிங்கரிங் பாத்து பெயிண்ட் அடிச்சோம்” என்ற சொல் காதில் விழுந்தால் அக்கர்லாஃப் மீண்டும் உயிர்பெறுகிறார், விலகிவிடுக. “இதுல என்ன வே இருக்கு? வெறும் தகரம்லா” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சலித்துக்கொள்பவரே உண்மையான போட்டியாளர். காரை மெச்சுகிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு காயலான் கடைக்காரரைப் பற்றியது. அவருக்கு அளவை நூல் எதுவும் தேவையில்லை. எடையை மனத்துக்குள் போட்டு, கிலோ விலையால் பெருக்கி, லாரி வாடகையையும் தன் லாபத்தையும் கழித்து, ஒரு தொகையில் நின்றுவிடுவார். அந்தத் தொகைதான் காரின் மெய்விலை. அவர் வாயை மூடிய பிறகு ஏறும் ஒவ்வொரு நூறு ரூபாயும் காருக்கானதன்று. இளமைக்கானது, அப்பா ஓட்டிய நினைவுக்கானது, பக்கத்தில் நிற்கிறவனிடம் தோற்கக்கூடாது என்பதற்கானது. அதைத் தவறென்று இவ்வாய்வு சொல்லவில்லை. தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மனைவி கேட்டால் முதல் தொகையை மட்டும் சொல்லலாம்.

இந்த நோய் மேலைநாட்டிலும் உண்டு. 2015 பிப்ரவரியில் பாரீஸில் பாயோன் குடும்பத்தின் கொட்டகையில் கிடந்த கார்களை, கண்டெடுத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்து ஏலம் விட்டார்கள். பழைய தாள்கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டிப் போனது. அங்கே காயலான் கடைக்காரர் எந்தத் தொகையில் நின்றார் என்பது ஆய்வுக்குரியது.

நம் சட்டமும் துருவின் பக்கம்தான் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அரசு வாகனம் என்றால் 15 ஆண்டு தாண்டினால் 2023 ஏப்ரல் முதல் பதிவு புதுப்பிப்பு கிடையாது, உடைப்பகம்தான். தனியார் கார் எப்படியாவது 50 ஆண்டு தாண்டிவிட்டால், 2021-இல் வந்த விதிப்படி அது பாரம்பரிய வாகனம்: ரூ.20,000 கட்டணம், 10 ஆண்டுப் பதிவு, ‘வி.ஏ.’ என்று தனி எண். நிபந்தனை, சேசிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதாவது பணம் வைத்திருந்து, டீசல் இன்ஜின் மாற்றி, ‘நன்றாகப் பார்த்துக்கொண்டவருக்கு’ இல்லாத தகுதி, கையில் காசில்லாமல் அப்படியே போட்டுவைத்தவருக்கு உண்டு. சோம்பலுக்கு மத்திய அரசு தந்த அங்கீகாரம் என்று இதைக் கொள்ளலாம். அந்த எண்ணோடு அன்றாடம் காய்கறி வாங்கப் போகக்கூடாது என்பது துணைவிதி.

கணக்குப்படி முதல் மாருதி 800-களுக்கு 2033 டிசம்பரில் 50 வயது நிறையும். ஆகவே அம்பை, கல்லிடை, வி.கே.புரம் வட்டாரத்தில் 1984, 85 மாருதி வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை மரத்தடியிலிருந்து கூரைக்குக் கீழே தள்ளிவையுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சருகை அள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து பீரோவில் பூட்டுங்கள். பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.