பங்காளிச் சண்டை

கே: ஏ.எம்.டி. தலைமை நிர்வாகி லிசா சூவும் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கும் சொந்தக்காரர்களாமே?

ப: லிசாவின் அம்மாவுக்கு ஜென்சன் அத்தை மகன். நம் ஊர்க் கணக்கில் லிசாவுக்குச் சித்தப்பா முறை. ஆகவே அவர்கள் சிப் சந்தையில் மோதிக்கொள்வது சுத்தமான பங்காளிச் சண்டை!

கே: எம்.பி.ஏ. படிக்காமல் இவ்வளவு உயரமா?

ப: படித்தது எம்.ஐ.டி.யில் மின்பொறியியல், முனைவர் பட்டம் வரை. பிறகு ஐ.பி.எம். அப்போதெல்லாம் சிப்புக்குள் ஓடிய இணைப்புகள் அலுமினியம். தாமிரம் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால் சிலிக்கானுக்குள் ஊடுருவிக் கெடுத்துவிடும். அதை அடக்கியவர்களில் லிசாவும் ஒருவர். அப்புறம் ஐ.பி.எம். தலைவர் லூ கெர்ஸ்ட்னருக்குத் தொழில்நுட்ப உதவியாளர். சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த எம்.பி.ஏ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அவருடைய கணவர் என்ன செய்கிறார்?

ப: இன்டெல் தலைவர்களின் மனைவிமார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை.

கே: 2014இல் ஏ.எம்.டி. பொறுப்பை ஏற்றது துணிச்சலா, அசட்டுத்தனமா?

ப: 2017க்கு முன் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். பங்கு விலை 3 டாலரைச் சுற்றி. மறு ஆண்டு 2 டாலருக்கும் கீழே. கழுத்தளவு கடன். வந்த சூட்டோடு 7 சதவீத ஆட்குறைப்பு. கைதட்ட முடியாத காரியம். ஊரே செல்போன் சிப் பின்னால் ஓட, இவர் ஓடவில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் சிப்புகள் அடுப்பெரியப் பார்த்துக்கொண்டன. ‘ஜென்’ என்ற புதிய சிப் வடிவமைப்பைத் தொடங்கியது இவர் தலைமைக்கு வருமுன்பே. இருக்கிற சொற்பக் காசிலும் அதற்கான பங்கைக் குறைக்காமல் காத்தாரே, அங்கேதான் கெட்டிக்காரத்தனம். 2017இல் அந்த வடிவமைப்பில் ரைசன் சிப் வந்தது. 2022இல் சந்தை மதிப்பில் இன்டெலையே தாண்டியது ஏ.எம்.டி.

கே: சம்பளம்?

ப: 2019க்கான ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தலைமை நிர்வாகிகள் சம்பளப் பட்டியலில் 5.85 கோடி டாலர். அதில் முதலிடம் பிடித்த முதல் பெண். பெரும்பகுதி பங்காக வந்தது, மாதச் சம்பளக் கவர் அல்ல.

கே: என் மகளும் அவர் மாதிரி வர என்ன செய்யலாம்?

ப: சின்ன வயதில் லிசா தன் சகோதரரின் ரிமோட் காரைப் பிரித்துச் சரிசெய்தாராம். உங்கள் மகளிடமும் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்கள். மிக்ஸியை மட்டும் பரணில் ஏற்றிவிடுங்கள்.