ஊற்றுக்கண் அண்ணர்

முகத்துவாரத்தில் ஊற்றுக்கண் அண்ணரிடம் அகப்பட்டால் லேசில் தப்ப முடியாது. உங்கள் பெயரைக் கேட்கமாட்டார். "தம்பிக்கு எந்த ஊர்?" என்றுதான் தொடங்குவார். "கொழும்புதான்" என்றால், "அது இருக்கிற இடம். சொந்த ஊர்?" என்பார். பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கொட்டாஞ்சேனையில் என்று சத்தியம் பண்ணினாலும் எடுபடாது. உங்கள் பூட்டனார் தலைமன்னாரில் கப்பலால் இறங்கியவரா, சுன்னாகத்தில் ரயிலேறியவரா என்று தெரியும்வரை கையை விடமாட்டார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஆறுகளையும் இப்படி விசாரிக்கக் கிளம்பினார். ஐப்பசிப் பிறப்புக்குக் குடகில் தலைக்காவிரி. குறித்த நேரத்தில் சின்னக் குண்டிகையில் நீர் குமிழியிட்டுப் பொங்கும் என்று ஊரே திரண்டிருந்தது. நெரிசலில் அண்ணர் தரிசித்தது முன்னால் நின்றவரின் ஈரமுதுகை. ஆனாலும், "கண்குளிரக் கண்டன்" என்கிறார்.

அடுத்தது கங்கை. கங்கோத்ரிக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்ப, அண்ணருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "கோயில் அடையாளத்துக்குத்தான். அசல் கோமுகம் மேலே, பனிப்பாறையின்ர வாயில." ஏறக்குறைய 18 கிலோமீற்றர் நடை. பாதி வழியில் முழங்கால் மறியல் செய்தது. பாகீரதிதான் பக்கத்திலேயே ஓடுகிறதே, குனிந்து போத்தலை நிரப்பிக்கொண்டார். லேபலில் 'கோமுகம்' என்றே எழுதினார்.

களனிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சிவனொளிபாத யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதையால் ஏறி, சீதகங்குலவில் முழுகி, பல் கிடுகிடுக்க, "இதுதான் எங்கட ஆத்தின்ர தாய்" என்று அறிவித்தார். கூட வந்த பொடியன் ஒருவன், "அங்கிள், கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ரெண்டும் சேர்ந்துதானே களனி? இதில எது அசல்?" என்று கேட்டுவிட்டான். வேறு ஆளென்றால் திணறியிருப்பார். அண்ணருக்கா? "தகப்பன் வழி ஒண்டு, தாய் வழி ஒண்டு. ரெண்டையும் விசாரிக்கவேணும்!"

அந்தக் களனி 145 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் கலப்பது அண்ணர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை. "அங்க என்ன கிடக்கு? ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும். எல்லாம் கலந்துபோச்சு" என்று மூக்கைப் பொத்துவார். கலந்துபோனது எதுவும் அவருக்குப் பிடிக்காது.

போத்தல்கள் ஷோகேஸில் கண்ணாடிக் குதிரைக்கும் பேரப்பிள்ளையின் படத்துக்கும் நடுவே நிற்கின்றன. வீட்டுக்குப் போகிறவர்கள் தலையில் நாலு துளி தெளிக்காமல் விடமாட்டார். வருடக்கணக்காகத் தெளித்தும் கோமுகம் குறையவே இல்லை. அண்ணரும் இதை அற்புதம் என்றே சொல்லிவந்தார். போன கிழமை அண்ணி பிளேன்டீ கொண்டுவந்தபோது, "அற்புதமோ? முடிய முடிய நான்தான் பைப்பில பிடிச்சு விடுறனான்" என்று போட்டு உடைத்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. "அப்ப இவ்வளவு நாளும் எங்கட தலையில அம்பத்தலைத் தண்ணியா?" என்றேன்.

அண்ணர் ஒரு கணம்தான் யோசித்தார். "அம்பத்தலை அது இருக்கிற இடம், தம்பி. சொந்த ஊர் சிவனொளிபாதம்!" என்றபடி இன்னும் நாலு துளி தெளித்தார்.